‘அவ எங்க போனா?’

முதலில் என் வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊரைத் திட்டிவிட்டு நான் மட்டும் நல்லவளாக ஒதுங்கி நிற்பதற்காக இதை எழுதவில்லை.

போன ஆடியில் ஒருநாள் காலை ஒன்பதரை வாக்கில் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கீழத்தெருவில் ஒன்றரை வயதுக் குழந்தை தண்ணீரில் விழுந்து போய்விட்டது என்றாள். வெண்ணாற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஆறா, வாய்க்காலா என்று கேட்டேன். இரண்டும் இல்லை, கொல்லையில் அன்னக்கூடையில், அந்த வாயகன்ற பாத்திரத்தில், பிடித்து வைத்திருந்த தண்ணீர் என்றாள். அடுத்து நான் கேட்டது இதுதான்: “அவ எங்க போனா?”

எந்த வீட்டுப் பிள்ளை, ஆணா பெண்ணா, ஒன்றும் கேட்கவில்லை. ‘அவ’ என்றால் யார் என்று அம்மாவும் கேட்கவில்லை. இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

அவள் எங்கேயும் போகவில்லை. மூத்த பையனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட வாசலுக்குப் போயிருக்கிறாள். அன்று வேன் கொஞ்சம் தாமதம். மாமியார் களையெடுக்கப் போயிருந்தார். புருஷன் சிங்கப்பூரில். குழாயில் தண்ணீர் வருவது காலையில் ஒரு மணி நேரம்தான், அதற்குள் குடம், வாளி, அன்னக்கூடை எல்லாவற்றிலும் பிடித்து வைத்தாக வேண்டும். டெல்டா என்ற பெயர்தான் பெரிது. வேதாரண்யம் வரைக்கும் குடிதண்ணீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில்தான் போகிறது. எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு பாத்திரம் எப்போதும் நிரம்பி நிற்கும். நிரம்பாமல் இருந்தால்தான் வீட்டுக்காரிக்குத் திட்டு.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. குழந்தை இன்னும் அரசு மருத்துவமனையிலிருந்து வரவில்லை. வாசலில் பந்தல் கூடப் போடவில்லை, அதற்குள் தெருவில் வழக்கு நடந்து தீர்ப்பே வந்துவிட்டிருந்தது. “போன நோண்டிக்கிட்டு இருந்துருப்பா.” “பெத்துட்டா மட்டும் போதுமா?” “நாங்கள்லாம் நாலஞ்சு பெத்தோம், ஒண்ணையாவது இப்படி விட்டோமா?”

கடைசியாகச் சொன்ன அத்தையைக் கொஞ்சம் உட்காரவைத்துக் கேட்டால் வேறு கணக்கு வரும். எத்தனை பெற்றீர்கள், எத்தனை தங்கியது என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். என் அப்பாயி ஒன்பது பெற்றவள், வளர்த்தது ஐந்து. போன நான்கில் ஒன்று நெல் அவிக்கிற அண்டாப் பக்கம் தவழ்ந்து போனது. கொதிதண்ணீர். அப்பாயி அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே வாக்கியம்தான் சொல்வாள்: “அது வந்த கணக்கு அவ்வளவுதான்.” சின்ன வயதில் எனக்கு அது கல்நெஞ்சுப் பேச்சாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், ஊர் அவளுக்குச் செய்த ஒரே உதவி அந்த வாக்கியம்தான். விதி, கண்ணேறு, முனி அடித்தது என்று ஏதோ ஒன்று பாரத்தில் பாதியைச் சுமந்தது. சுமந்த கையோடு அண்டாவையும் காப்பாற்றிவிட்டது என்பது வேறு விஷயம். அடுத்த வாரமே அதே இடத்தில் அதே அண்டாவில் நெல் அவித்திருப்பார்கள்.

இப்போது நமக்கு விதியில் நம்பிக்கை குறைந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் விதி இறக்கி வைத்த மூட்டையை நாம் கீழே வைக்கவில்லை, அப்படியே தூக்கி அம்மாக்காரி தலையில் வைத்துவிட்டோம். அண்டா இன்னமும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

போன் விஷயத்துக்கு வருகிறேன். அன்று அவள் சார்பாக நானும் சண்டை போட்டேன், “அவ போனே பாக்கலை, வேனுக்கு நின்னுக்கிட்டு இருந்தா” என்று. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அப்படியானால் போன் பார்த்திருந்தால் நீங்கள் சொல்வதெல்லாம் சரி என்று நானே ஒப்புக்கொண்டேனா? சிங்கப்பூரிலிருந்து புருஷன் வீடியோ காலில் வருகிற நேரமும் அதுதான். எடுத்து இரண்டு நிமிடம் பேசியிருந்தால், அதற்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுப்பது பொருத்தமான தண்டனையா? நாம் எல்லோரும் தினமும் நாலு தடவை அந்த இரண்டு நிமிடத்தைச் செலவு செய்கிறோம். நம் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பனைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் அவன் விமானத்தில் வந்து இறங்கியபோது “பாவம், முகத்தைக்கூடப் பாக்க முடியலை” என்றார்கள். பாவம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் ‘பாவம்’ அவள் பக்கம் ஏன் திரும்பவில்லை என்றுதான் கேட்கிறேன்.

அந்த அன்னக்கூடையைப் பிறகு நான் பார்த்தேன். என் முழங்கால் உயரம்கூட இல்லை. அதில் முக்கால் அடித் தண்ணீர் இருந்திருக்கும் என்றார்கள். இதில் எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள், அதனால்தான் சந்தேகமும் வந்தது. ஒன்றரை வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்துவிட்டால் கையை ஊன்றித் தலையைத் தூக்குகிற பலம் அந்த வயதில் கிடையாது. சத்தமும் வராது. சினிமாவில் வருகிற மாதிரி கையை அடித்துக்கொண்டு கூப்பிடுவதெல்லாம் குழந்தை விஷயத்தில் நடக்காது, கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. ‘காதில் விழவில்லையா?’ என்று அவளைக் கேட்டவர்களுக்குப் பதில் இது: விழாது. ஒரு சுவர் தள்ளி நின்றிருந்தாலும் விழாது.

தூக்கிய பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறான், தண்ணீர் வெளியே வரட்டும் என்று. அவனை நான் குறை சொல்ல மாட்டேன், ஓடிவந்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நம் ஊர்தான். சுற்றுவதாலும் வயிற்றை அமுக்குவதாலும் பயன் இல்லை, இருக்கிற கொஞ்ச நேரமும் வீணாகும். உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் 108க்குப் போன் செய்ய வேண்டும். அன்று அந்தத் தெருவில் இது தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. எனக்கும் தெரியாது. அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மருத்துவமனையில் போலீஸ் வந்து வாக்குமூலம் எழுதினார்கள். வீட்டில் இப்படி ஒரு சாவு என்றால் அது நடைமுறை, விசாரித்துத்தான் உடலைத் தருவார்கள். கூடப் போயிருந்த சித்தப்பா சொன்னார்: அந்த ஏட்டு கேட்டது நாலே கேள்விதானாம். எத்தனை மணி இருக்கும், எவ்வளவு தண்ணீர் இருந்தது, யார் முதலில் பார்த்தது, யார் தூக்கியது. நாலும் உருப்படியான கேள்வி. ஊர் கேட்டதில் இந்த நாலில் ஒன்றுகூட இல்லை.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனபோது நாம் கீற்றுக் கொட்டகையைக் கேட்டோம். மாடிப்படியைக் கேட்டோம். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டோம். தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்று இறங்கியது. அந்த அம்மாக்களை யாரும் ‘அந்தப் பள்ளிக்கு ஏன் அனுப்பினாய்?’ என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. வீட்டுக்குள் நடந்தால் மட்டும் கூரை, படி, பாத்திரம் எதுவும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே ஒரு பெண்தான் தெரிகிறாள்.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுப் பையன் விழுந்த நாட்கள் நினைவிருக்கும். 80 மணி நேரத்துக்கு மேல் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அப்படி உட்கார்ந்திருந்த வீடுகளில் தூத்துக்குடியில் ஒரு வீடு. அங்கே அந்தப் பையனுக்காகப் பெற்றவர்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை குளியலறையில் தண்ணீரில் மூழ்கிப் போய்விட்டது. அப்போதும் ‘டிவி பார்த்துக்கொண்டு பிள்ளையை விட்டுவிட்டார்கள்’ என்றோம். நாமும் அதே டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2024இல் ஆவடி பக்கம் திருமுல்லைவாயலில் மாடியிலிருந்து தவறி விழுந்து தகரக் கூரையில் தங்கிய குழந்தையைத் தெருவே சேர்ந்து காப்பாற்றியது. குழந்தை பிழைத்துவிட்டது. பிழைத்த பிறகும் அம்மாவை விடவில்லை. அடுத்த மாதமே அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். வந்த வசையெல்லாம் அவரை உடைத்துப்போட்டிருந்தது என்று செய்திகள் சொல்லின. அதற்குப் பிறகு இரங்கல் எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்கு முன்னால் வேறு மாதிரி எழுதியவர்களோ.

எங்கள் பக்கம் குழந்தை போனால் எரிப்பதில்லை, புதைப்பதுதான். பதினாறு நாள் காரியமெல்லாம் கிடையாது. அன்று சாயங்காலமே முடிந்துவிடும். பெரியவர்கள் போனால் வீடு நிறைய ஆள் இருக்கும். யாராவது சமைப்பார்கள், யாராவது வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள், எட்டாம் துக்கம், பத்து, பதினாறு என்று ஒரு நடை இருக்கும். குழந்தை போன வீடு மூன்றாம் நாளே காலி. அப்புறம் அந்த வீட்டுக்குள் வருவதெல்லாம் வாட்ஸப் வழியாகத்தான் வருகிறது. ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற குழந்தையின் படத்தை, ‘தாய்மார்களே உஷார்’ என்று எழுதி ஊர் குரூப்பிலேயே போட்டிருந்தார்கள். அவளும் அதே குரூப்பில் இருக்கிறாள். எடுக்கச் சொன்னேன். “விழிப்புணர்வுக்குத்தானேக்கா” என்றான் ஒரு தம்பி.

பழைய காலத்தை நான் ரொம்ப உயர்த்தவில்லை. “உன் கண்ணு எங்கடி போச்சு” என்று அவள் முகத்துக்கு நேரே கேட்ட கிழவியும் அன்று பந்தலில் இருந்தாள். ஆனால் கேட்ட அதே கிழவி ராத்திரி வரைக்கும் அவளை மடியில் போட்டுக்கொண்டு, பல்லைக் கிட்டித்துக்கொண்டிருந்தவளுக்கு ஸ்பூனில் காபி ஊட்டியதையும் பார்த்தேன். போனில் திட்டுகிறவருக்கு அந்த இரண்டாவது வேலை இல்லை.

விழிப்புணர்வு என்றார் அல்லவா அந்தத் தம்பி. மூன்றாம் நாள் கீழத்தெருவில் அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கொல்லைக்குப் போனேன். அவளை எல்லோரையும்விடக் கடுமையாகப் பேசிய வீடு. அங்கேயும் ஒரு பேரன், இரண்டு வயது இருக்கும். கிணற்றடியில் திறந்த டப்பில் விளிம்பு வரை தண்ணீர். பையன் அதில் சொம்பை விட்டு விளையாடிக்கொண்டிருந்தான். “அத்தை, தண்ணி” என்றேன். “நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்” என்றார். அடுப்படியிலிருந்து.

அங்கேதான் எனக்கு விளங்கியது. அவளைத் திட்டியது கோபத்தினால் இல்லை. அவள் கவனக்குறைவானவள் என்று முடிவாகிவிட்டால் நம் டப்பில் தண்ணீர் இருக்கலாம், நாம்தான் கவனமானவர்களாயிற்றே. அவள் நம்மைப் போன்றவள் என்று ஒப்புக்கொண்டால் இன்று ராத்திரியே எழுந்துபோய் எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்க்க வேண்டியிருக்கும். யாரும் கவிழ்க்கவில்லை. மன்னார்குடியில் என் வீட்டுக் குளியலறையிலும் அன்று இரண்டு வாளி நிறையத்தான் இருந்தது. அடுத்த வாரம் நாத்தனார் கைக்குழந்தையோடு வருவதாக இருந்தாள்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021இல் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர், அதில் கால்வாசி ஐந்து வயதுக்குக் கீழே. நம்மைப் போலவே ஆறும் குளமுமாக இருக்கிற வங்கதேசத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குழந்தைகள் அதிகமாகப் போவது காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்றுக்குள் என்று பார்த்தார்கள், அதாவது அம்மாக்களுக்கு வேலை நெருக்குகிற நேரம். அந்த நாலு மணி நேரத்துக்கு ஊரிலேயே ஒரு பெண் வீட்டில் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிற ஏற்பாடு. பெயர் ‘ஆஞ்சல்’. நம் பாஷையில் முந்தானை. சாவு பெருமளவு குறைந்தது. அங்கே யாரும் அம்மாக்களை இன்னும் நாலு கண் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எங்கள் ஊர் பால்வாடியில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சத்துமாவு வாங்கி வரலாம், பிள்ளையை விட்டுவிட்டு வருகிற வழக்கம் இல்லை. கிராம சபையில் இதைக் கேட்கலாம் என்று இரண்டு பேரிடம் சொன்னேன். “புள்ளையப் பாத்துக்கக்கூடவா கவர்மெண்ட்டு?” என்று சிரித்தார்கள்.

ஐப்பசியில் மழை விட்ட ஒருநாள் அவளைப் பார்க்கப் போனேன். புருஷன் திரும்பிப் போயிருந்தான். அதிகம் பேசவில்லை. அன்னக்கூடையை மாமியார் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாராம். மூத்தவனைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொன்னாள். இப்போதெல்லாம் வேனுக்கு அவனே போகிறானாம். இவள் வாசல்வரை வந்தால் “நீ உள்ள போம்மா, நான் ஏறிக்குவேன்” என்கிறானாம். இவள் உள்ளே போகிற வரைக்கும் வேனில் ஏறுவதில்லை.

அவனுக்கு ஐந்து வயது. அவனை வேன் ஏற்றப் போனதால்தான் தங்கச்சி போனாள் என்று யாரோ அவன் காதுபடப் பேசியிருக்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் எங்கள் வீட்டு ஆள் பெயர் வந்துவிடுமோ என்று பயம்.