பஸ்ஸுக்கு ஆன், காருக்கு இன், என் புள்ளைக்கு கேர்லெஸ் பட்டமா?

பொண்ணோட இங்கிலீஷ் டெஸ்ட் பேப்பர் இன்னிக்கு கையெழுத்துக்கு வந்துச்சு. "மை ஃபாதர் இஸ் டேஷ் தி கார்." புள்ள ஆன்னு போட்டிருக்கா. செவப்பு பேனாவால ஒரு பெரிய பெருக்கல் குறி, பக்கத்துல "கேர்லெஸ்".

யாருங்க கேர்லெஸ்? போன மாசம் இவ பஸ்ஸுக்கு இன்னு போட்டப்போ அதை அடிச்சு ஆன்னு திருத்துனது இதே செவப்பு பேனாதான். அதை ஞாபகம் வச்சு, பஸ்ஸும் வண்டி காரும் வண்டினு யோசிச்சு ஆன் போட்டிருக்கா, இதுக்கு மேல ஒரு ஆறாங்கிளாஸ் புள்ள எப்படி கவனமா இருக்கும்? ஏன் மிஸ்னு கேட்டதுக்கு "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு"ன்னாங்களாம். "காருக்கு மட்டும் ஏம்மா"னு ராத்திரி சோறு இறங்காம அழுதா.

காரணம் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? எழுந்து நடமாட இடம் இருந்தா ஆன்: பஸ், ட்ரெயின், ப்ளேன், கப்பல். குனிஞ்சு நுழைஞ்சு உக்காந்த இடத்துலயே கெடக்கணும்னா இன்: கார், டாக்ஸி, ஆட்டோ. சைக்கிள்ல மேல ஏறி உக்கார்றோம், அதுக்கும் ஆன்.

நமக்கு பஸ்ல, கார்ல, காலைல, ராத்திரில எல்லாத்துக்கும் ஒரே "ல"தான். அங்க காலைக்கு இன், ராத்திரிக்கு அட், அதே காலை திங்கக்கிழமை காலைன்னா ஆன். அதைப் பத்தி பேசினோம்னு யோசிச்சுதான் டிஸ்கஸ் பக்கத்துல தேவையில்லாத அபௌட் ஒட்டிக்குது, அவரோட கல்யாணம்னு யோசிச்சுதான் மேரீட் டூக்கு பதிலா மேரீட் வித்னு வருது. புள்ளைங்க தமிழ்ல ஒழுங்கா யோசிக்குது, அதைப் போய் கவனக்குறைவுன்னா வயிறு எரியுது. வீக்கெண்டுக்கு பிரிட்டன்காரன் அட்டுங்கிறான், அமெரிக்காக்காரன் ஆன்ங்கிறான், அவங்க பேப்பர்ல எவன் போய் கேர்லெஸ்னு எழுதுறான்?

எல்லாம் சொல்லி முடிச்சதும் கண்ணைத் தொடச்சுக்கிட்டு "அப்ப படிக்கட்டுல தொங்குற அண்ணாங்களுக்கு?"ன்னா. அலுப்பையும் மீறி சிரிப்பு வந்துருச்சு. அதுக்கும் ஆன்தான்டி, போய் படுன்னு சொல்லிட்டு கையெழுத்து போட பேனாவை எடுத்தா, பேப்பர் அடியில "ஃபாதர்ஸ் சிக்னேச்சர்"னு மட்டும்தான் அச்சடிச்சிருக்கு. பத்து மணி வரைக்கும் உக்காந்து சொல்லிக்குடுத்த எனக்கு அதுல ஒரு கோடு கூட இல்ல. அதை அடிச்சுட்டு மேலயே என் பேரைப் பெருசா எழுதி அனுப்பியிருக்கேன், நாளைக்கு கூப்பிடட்டும், வர்றேன்.