புதுப் பாட்டுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்

வெள்ளிக்கிழமை காலையில் போனைத் திறந்தால் உலகத்தில் பாடுகிற அத்தனை பேரும் ஒன்றாக வாசலில் வந்து நிற்கிறார்கள். லாகோஸ், சியோல், சான் ஹுவான், லண்டன் என்று எங்கிருந்தெல்லாமோ. 2015 ஜூலை 10 முதல் புது இசைக்கு வெள்ளிக்கிழமைதான் நாள் என்று உலகம் முழுக்க வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று ஊருக்கொரு கிழமை. ஒரே நாளாக ஆனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வருத்தம் எல்லாம், அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ப்பும் வந்துவிடுகிறதே என்பதுதான். ஒரு மணி நேரம் ஓடும் ஆல்பத்தை ஒரு தடவை முழுசாகக் கேட்கக்கூட நேரம் இருந்திருக்காது, அதற்குள் "இந்த வருஷத்தோட பெஸ்ட்" என்று ஒரு கூட்டம், "சுமார்" என்று இன்னொரு கூட்டம். திங்கட்கிழமை அந்தப் பேச்சே இருக்காது.

பல வருடமாக இந்த வெள்ளிக்கிழமைப் பட்டியலை விடாமல் கேட்டுவருகிறேன். கேட்டுக் கேட்டு எனக்கென்று ஒரு அளவுகோல் வந்துவிட்டது. ஒரு புதுப் பாட்டு என் கையைப் பிடித்து ஏதாவது ஒரு பழைய பாட்டிடம் கூட்டிக்கொண்டு போகிறதா? போனால் அந்தப் பாட்டு என்னோடு தங்கிவிடும். போகவில்லையென்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இரண்டு வாரத்தில் மெட்டே மறந்துபோகும்.

இதை எனக்குக் கற்றுத்தந்த ஆல்பம் வெள்ளிக்கிழமை வரவில்லை என்பது ஒரு சந்தோஷமான விஷயம். கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் பாடகர் பேட் பன்னியின் 'டெபி திரார் மாஸ் ஃபோட்டோஸ்' 2025 ஜனவரி 5-ல், ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியானது. மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தைய நாள். புவேர்ட்டோ ரிக்கோவில் பிள்ளைகள் விடிந்ததும் கிடைக்கப்போகிற பரிசை நினைத்துக்கொண்டு தூங்கப்போகும் இரவு அது. தலைப்புக்கு 'இன்னும் நிறைய போட்டோ எடுத்திருக்கணும்' என்று பொருள்.

அட்டைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வாழை மரங்களுக்கு முன்னால், புல்தரையில் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆள் யாரும் இல்லை. உலகத்திலேயே அதிகம் கேட்கப்படும் பாடகர்களில் ஒருவர், தன் முகத்தை எங்கேயும் வைக்காமல் அந்தக் காலி நாற்காலிகளை மட்டும் வைத்திருக்கிறார். எங்கள் ஆச்சி வீட்டுக் கொல்லையில் அதே மாதிரி இரண்டு நாற்காலி கிடக்கும், சாயங்காலம் ஆனால் ஆச்சியும் பக்கத்து வீட்டு அத்தையும் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது இரண்டு பேருமே இல்லை. அந்தப் படத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், பாட்டைப் போட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

முதல் தடவை கேட்டபோது பாதியில் நிறுத்திவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். அவர் வழக்கமாகப் பாடும் துள்ளல் நடன இசையான ரெகேட்டோனை எதிர்பார்த்து உட்கார்ந்தவனுக்கு நடுவில் சல்சா வருகிறது, கிராமத்து கிதார் மாதிரி ஏதோ வருகிறது, கைத்தாளம் போடுகிற கொட்டு வருகிறது. எதுவும் ஒட்டவில்லை. மூன்று நாள் கழித்து ராத்திரி பஸ்ஸில், காதில் ஹெட்போனோடு, 'கஃபே கோன் ரோன்' என்ற பாட்டில் மறுபடியும் அந்தக் கொட்டு வந்தது. இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தக் கொட்டின் பெயர் பாண்டெரேட்டா. கஞ்சிரா மாதிரி வட்டச் சட்டத்தில் தோல் கட்டியது, ஆனால் சலங்கைத் தகடு கிடையாது, கஞ்சிராவைவிடப் பெரியது. மூன்று அளவில் இருக்கும். பெரியது அசையாமல் தாளத்தைத் தாங்கிக்கொண்டிருக்க, நடுவில் உள்ளது அதற்குப் பதில் சொல்ல, சின்னது மட்டும் கட்டில்லாமல் மேலே ஏறி விளையாடும். அந்தச் சின்னதுக்கு ரெக்கிண்டோ என்று பெயர். இந்த இசை வகை பிளேனா. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவின் தெற்கே போன்ஸே ஊரில், கூலித் தொழிலாளிகள் வாழ்ந்த தெருக்களில் வளர்ந்தது. அதை 'பாடுகிற பத்திரிகை' என்றே சொல்வார்கள், ஊரில் நடந்த சண்டை, வெள்ளம், வேலைநிறுத்தம், அரசியல்வாதி அடித்த கூத்து எல்லாம் அதில் பாட்டாக வந்துவிடும். அந்தப் பாட்டில் பேட் பன்னியோடு இருப்பவர்கள் லோஸ் பிளெனேரோஸ் தெ லா கிரெஸ்தா என்ற பிளேனா குழு. இந்த ஆல்பம் வராமல் இருந்திருந்தால் இவர்கள் பெயர் என் காதுக்கு வந்தே இருக்காது. அன்று ராத்திரி பஸ் ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவர்கள் பாட்டையே தேடித்தேடிக் கேட்டேன்.

அப்புறம்தான் ஆல்பத்தை முதலிலிருந்து ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன். 'பைலே இனோல்விதாப்ளே' ஆறு நிமிடப் பாட்டு, பதினைந்து நொடித் துண்டுக்காகப் பாட்டு செய்கிற காலத்தில் ஆறு நிமிடம்! ஒரு நிமிடத்துக்கும் மேல் வெறும் சிந்தசைசரும் தளர்ந்த குரலும்தான், பிறகு திடீரென்று பியானோவும் பித்தளைக் குழல்களும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகின்றன. அங்கே வாசிப்பவர்கள் தீவின் தலைநகர் சான் ஹுவானில் உள்ள அரசு இசைப் பள்ளியின் மாணவர்கள். பேட் பன்னி நினைத்திருந்தால் நியூயார்க்கிலோ மயாமியிலோ பேர் பெற்ற கலைஞர்களைக் கூப்பிட்டிருக்கலாம், காசுக்கா பஞ்சம்? ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அவர்கள் வாசிப்பில் இருக்கிற அவசரம், அந்த ஆசை, எனக்கு அதுதான் பாட்டே.

யூடியூபில் பதினேழு பாட்டுக்கும் படத்துக்குப் பதிலாக எழுத்துதான் ஓடும். புவேர்ட்டோ ரிக்கோவின் வரலாறு, பத்தி பத்தியாக. எழுதியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லித்தரும் ஹொரெல் மெலென்டெஸ் பதியோ. கடைசிப் பாட்டில் 'இங்கே கொடியை வெளியே எடுத்ததற்காக ஆட்களைக் கொன்றார்கள்' என்று ஒரு வரி வரும். மிகைப்படுத்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் படித்தால், 1948-லிருந்து 1957 வரை அந்தத் தீவில் சொந்தக் கொடியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், அப்படி ஒரு சட்டம் இருந்திருக்கிறது. 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்ட ஊர், இன்றைக்கும் மாநிலமும் இல்லை, தனி நாடும் இல்லை. 2017 மரியா புயலுக்குப் பிறகு கரண்ட் சீராக இல்லாமல் ஜனம் கிளம்பிக்கொண்டே இருக்கிறது, தீவில் இருப்பவர்களைவிட அமெரிக்காவுக்குள் வாழும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அதிகம். 'என் ஆட்கள் வீடு மாறிப் போகாமல் இருக்கட்டும்' என்று தலைப்புப் பாட்டில் அவர் வேண்டிக்கொள்வது சும்மா இல்லை.

ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான், "அண்ணா, மொழியே தெரியாம இதை எப்படிண்ணா கேக்குறீங்க?" என்று. முதலில் தாளத்தைக் கேள், பிடித்தால் அர்த்தத்தைத் தேடிப் படி, பிறகு திரும்பக் கேள் என்றேன். மொழி தெரிந்த பாட்டையே நாம் அப்படிக் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். தெரியாத மொழி நம்மை உட்கார வைக்கிறது.

இந்த விஷயத்தில் பேட் பன்னியை முழுக்கக் கும்பிட்டுவிடவும் நான் தயாராக இல்லை. ரெகேட்டோனின் அடித்தாளத்துக்கு 'டெம்போ' (dembow) என்று பெயர், அது ஜமைக்காவிலிருந்து வந்தது, 1989-ல் ஸ்டீலி, கிளீவி என்ற இருவர் செய்த 'ஃபிஷ் மார்க்கெட்' என்ற ரிதம் அதன் வேர். நூற்றுக்கும் மேற்பட்ட பாடகர்கள்மேல் அதற்காக 2021-ல் தொடங்கிய வழக்கு ஒன்று அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது, அந்தப் பட்டியலில் இவர் பெயரும் உண்டு. ஒரு தாளத்துக்கு யாராவது சொந்தம் கொண்டாட முடியுமா என்று சண்டை போடுகிறார்கள். எனக்குச் சட்டம் தெரியாது, ஆனால் கிங்ஸ்டனில் அந்த டிரம்மை ஒவ்வொரு அடியாகக் கோத்தவர்களுக்கு முப்பது வருடமாக ஒரு நன்றியாவது சொல்லப்பட்டிருக்க வேண்டும். பழைய பாட்டிடம் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதன் சொந்தக்காரரையும் காட்ட வேண்டும்.

இதைச் சரியாகச் செய்தது அமெரிக்கப் பாடகி பியான்சே. 2024 மார்ச்சில் வந்த 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்தைப் பற்றி அன்றைக்கு எல்லாரும் பேசியது ஒன்றே ஒன்று: இது அமெரிக்கக் கிராமப்புறத்து இசையான கண்ட்ரியா இல்லையா. அதற்குள் லிண்டா மார்ட்டெல் என்ற அம்மாவின் குரல் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 1969-ல் கண்ட்ரி இசையின் பெரிய மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் தனியாகப் பாடிய முதல் கருப்பினப் பெண் அவர். அடுத்த வருடம் ஒரு ஆல்பம். அவ்வளவுதான், அந்தத் துறை அவரை வெளியே தள்ளிவிட்டது, பின்னாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியிருக்கிறார். அவர் எண்பது வயதைத் தாண்டிய பிறகு, பியான்சே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச வைத்தார், அதனால் முதல்முறையாக கிராமிக்குப் பரிந்துரையும் வந்தது. நான் அந்த 1970 ஆல்பத்தைத் தேடிக் கேட்டேன். அந்தக் குரலில் இருக்கிற தெளிவைக் கேட்டால் கோபம்தான் வருகிறது, எத்தனை ஆல்பம் வந்திருக்க வேண்டிய தொண்டை!

தென்னாப்பிரிக்கப் பாடகி டைலாவின் 'வாட்டர்' 2023-ல் வந்தபோது எல்லாரும் நடனத்தைப் பார்த்தார்கள். அதன் அடியில் ஓடுவது அந்த நாட்டின் அமாபியானோ என்ற நடன இசை, லாக் டிரம் என்று சொல்லும் அந்த வளைந்து இறங்குகிற பாஸ். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், லாக் டிரம் இருக்கிற இடமே தெரியாது. அங்கிருந்து 2019-ன் 'ஸ்கார்பியன் கிங்ஸ்' என்ற அமாபியானோ ஆல்பம் வரைக்கும் போய்ப் பாருங்கள், அந்த நாட்டில் இந்த இசைக்கு ஏழெட்டு நிமிடம் தருகிறார்கள், அவசரமே இல்லை.

ஸ்பெயின் பாடகி ரோசலியாவின் 'லக்ஸ்', 2025 நவம்பர். பதின்மூன்று மொழி, லண்டன் சிம்பொனி இசைக்குழு, எல்லாம் சரி, மலைப்பாக இருக்கிறது, ஆனால் பாதிப் பாட்டு எனக்குத் தூரத்திலேயே நின்றுவிட்டது. 'மெமோரியா' மட்டும் போர்ச்சுக்கல்லின் ஏக்கப் பாட்டு வகையான ஃபாடோவைப் பாடும் கார்மின்யோவோடு சேர்ந்து பாடியது, அந்த ஒரு பாட்டு என்னை ஒரு மாதம் ஃபாடோவிலேயே உட்கார வைத்தது. அதற்காக மொத்த ஆல்பத்தையும் மன்னிப்பேன்.

2026 பிப்ரவரியில் பேட் பன்னியின் ஆல்பத்துக்கு வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது, முழுக்க ஸ்பானிஷில் உள்ள ஆல்பத்துக்கு இது முதல்முறை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2025 கோடையில் அவர் சான் ஹுவானிலேயே உட்கார்ந்துகொண்டு முப்பத்தொரு கச்சேரி செய்தது. முதல் ஒன்பதும் தீவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் விமானம் ஏறி அங்கே வந்தார்கள்.

இன்னும் கேட்காதவர்கள் ஆல்பத்தை உடனே போடாதீர்கள். எல் கிரான் கோம்போ என்ற குழு 1975-ல் பாடிய 'உன் வெரானோ என் நுவேவா யார்க்' பாட்டை முதலில் கேளுங்கள், பிழைப்புக்காக நியூயார்க் போனவர்களின் கோடைக்காலம் அது. இரண்டு மூன்று நாள் அதோடு இருங்கள், தன்னால் வாயில் வந்துவிடும். பிறகு பேட் பன்னி ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடுங்கள். அதே குரல், ஐம்பது வருடத்துக்கு முந்தைய அதே வரி முதலில் வரும். நீங்களும் கூடச் சேர்ந்து முனக ஆரம்பித்திருப்பீர்கள், அப்போது அந்த டெம்போ அடித்தாளம் உள்ளே இறங்கும்.