பரிதிக்கு ஒரு ஏ பத்தலையாம்!

பிறப்புச் சான்றிதழ்ல புள்ள பேரு சேக்குற படிவத்துல பேரு எழுதியாச்சு. பேனாவ மூடியாச்சு. கீழ வத்தலக்குண்டுக்குப் போய்க் குடுத்துட்டு வந்தா வேலை முடிஞ்சது. அந்த நேரம் பாத்து கோயமுத்தூர்ல இருந்து பெரியப்பா போன் அடிக்கிறாரு: "குடுத்துட்டீங்களா? குடுக்காதீங்க! கூட்டுனா நாலு வருது!"

நாலு வருதாம். 11 மாசமா வீடே கூடிப் பேசி ஒரு பேரக் கொண்டாந்து நிறுத்துனா, நாலு வருதாம்!

கொடைக்கானல் மேல்மலையில ஒரு வீட்டுக் கதை இது. பூம்பாறையா, மன்னவனூரா, கவுஞ்சியான்னு கேக்காதீங்க. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, உங்க வீட்லயும் இதே கூத்துதான் நடந்திருக்கும். புள்ளையோட அம்மா ஆசைப்பட்ட பேரு பரிதி. சூரியன். பாதி வருசம் மஞ்சு மூடிக் கெடக்குற மலையில பெத்த பையனுக்கு சூரியன் பேர வைக்கணும்னு ஒரு அம்மாவுக்குத் தோணுனதுல என்ன குத்தம்?

குத்தம் இருக்காம். பெரியப்பாவோட எண்கணிதக்காரர் போட்ட கணக்கு இதான். மூணே எழுத்துத் தமிழ்ப் பேர இங்கிலீசுல ஏழு எழுத்தா எழுதிக்கணும். பி-க்கு 8, ஏ-க்கு 1, ஆர்-க்கு 2, ஐ-க்கு 1, டி-க்கு 4, ஹெச்-க்கு 5, திரும்ப ஐ-க்கு 1. மொத்தம் 22. ரெண்டும் ரெண்டும் நாலு. நாலு ராகு, எட்டு சனி, ரெண்டும் வேணாம். அஞ்சு புதன், அதுதான் வேணும். அதுக்கு வழி? முன்னால இன்னொரு ஏ சேத்துக்க. 23, அஞ்சு, ராகு காலி!

இப்ப அதை வாசிச்சுப் பாருங்க. பாரிதி. சூரியனும் போச்சு, பாரியும் இல்ல, பாரதியும் இல்ல. எல்கேஜி டீச்சர்ல ஆரம்பிச்சு பேங்க் மேனேஜர் வரைக்கும் ஆளுக்கு ஒரு விதமா நீட்டுவாங்க. இங்கிலீசு எழுத்தப் பாத்து கம்ப்யூட்டர் தானா தமிழாக்குற எடத்துல பாரிட்டின்னு வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. அதைத் திருத்த அப்பன்காரன் ஒரு நாள் கூலிய விட்டுட்டு மலை இறங்கணும். அதுக்குப் புதன் வந்து பஸ் காசு குடுக்குமா?

இதுல இன்னொரு வேடிக்கை. எண்கணிதக்காரர் போட்டது சால்டியன் அட்டவணை. ஏ-ல இருந்து வரிசையா 1, 2, 3ன்னு ஒம்போது வரைக்கும் போய் மறுபடியும் ஒண்ணுல ஆரம்பிக்கிற பித்தகோரஸ் அட்டவணைன்னு வேற ஒண்ணு இருக்கு. அதுல இதே பரிதி, ஏ எதுவும் சேக்காமலே 45. அதாவது 9. ஒம்போது செவ்வாய், செவ்வாய்க்கு அதிபதி முருகன்! பழனி மலைக்காரப் புள்ளைக்கு இதவிட என்னய்யா வேணும்? ரெண்டுல எந்த அட்டவணை சரின்னு கேட்டதுமே போன் கட்டாயிருச்சு. மேல்மலையில டவர் கெடைக்கலைன்னா நியாயம் இருக்கு. கோயமுத்தூருக்கு என்ன கேடு?

சரி, இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஜோசியர். புள்ள திருவாதிரை, மூணாம் பாதம். திருவாதிரைக்கு எழுத்து கு, க, ங, ச. மூணாம் பாதத்துக்கு ங. ங-வுல ஆரம்பிக்கிற மாதிரி ஒரு பேரு சொல்லுங்க பாப்போம். பாலர் அட்டையிலயே ங்-குக்கு என்ன பண்றதுன்னு தெரியாம சங்குப் படத்தப் போட்டு சமாளிக்கிறாங்க. ஒரு பாதம்ங்கறது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். கொஞ்ச நேரம் உள்ளயே இருந்திருந்தா ச கெடச்சிருக்கும், சரவணன்னு வச்சிட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். அவசரப்பட்டு வந்தது புள்ளையோட தப்புதான்! ஆயில்யத்துக்காரங்க நெலமை இன்னும் மோசம்: டி, டு, டே, டோ. டில்லிபாபுவ விட்டா யாரு இருக்கா? வடமொழி எழுத்து வரிசைய வச்சுப் போட்ட பட்டியல் அது, தமிழ்ல முதல்ல வராத எழுத்தெல்லாம் அதுல வரத்தான் செய்யும். வெவரமான ஜோசியரா இருந்தா, அதே நட்சத்திரத்தோட மத்த எழுத்த எடுத்துக்கச் சொல்லுவாரு. இல்லாட்டி நட்சத்திரப் பேர ஜாதகத்துல எழுதிக் காதுல மட்டும் ஓதிட்டு, கூப்பிடுற பேர வேற வச்சுக்கச் சொல்லுவாரு. நம்ம ஆளு ங-வ விட்டு எறங்கவே இல்ல.

அதுக்குள்ள அத்தை. தொட்டில் போட்டுக் காதுல மூணு தடவை பேரச் சொல்ற உரிமை அவங்களுக்கு, அதுனால பேரே தன்னோடதுன்னு நெனப்பு. போன்ல ஒரு பட்டியல் வச்சிருக்காங்க. ரியான்ஷ், க்ரியான்ஷ், வியான்ஷ், திவ்யான்ஷ். எல்லாத்துக்கும் நேரா ஒரே அர்த்தம்: கடவுளின் அம்சம். அம்சத்த வடக்க அன்ஷ்னு சுருக்கிட்டாங்க, முன்னால எதை ஒட்டினாலும் பேரு தயார். திவ்யான்ஷுக்காவது திவ்யம்னு ஒண்ணு முன்னால நிக்குது. க்ரிக்கு என்னம்மா அர்த்தம்னு கேட்டா "அதான் போட்டிருக்கே"ங்கறாங்க. யாரு போட்டா? எவனோ போட்டான், அதை இன்னொருத்தன் காப்பி அடிச்சான், உங்க போனுக்கு வந்துச்சு. அர்த்தம் வேணும்னா சென்னைப் பல்கலைக்கழகம் 1924ல இருந்து 1936 வரைக்கும் பாடுபட்டு வெளியிட்ட தமிழ் லெக்சிகன் நெட்ல சும்மா கெடக்கு. தட்டிப் பாக்க ஒரு நிமிசம் ஆகாது. அதுல இல்லைன்னா ஒரு நல்ல வடமொழி அகராதியப் பாருங்க. ரெண்டுலயும் இல்லைன்னா அது பேரு இல்ல, சத்தம்.

அந்த சத்தத்தையும் மலையில கூப்பிட்டுப் பாக்கணும்ல? மேல் பாத்தியில பூண்டு பிடுங்கிக்கிட்டிருக்குற அப்பத்தா, மஞ்சுக்குள்ள கீழ் பாத்தியில நிக்கிற பயலக் கூப்பிடணும். முகிலா, வேலா, இனியா, பரிதீ: கடைசி உயிரெழுத்த எம்புட்டு வேணும்னாலும் இழுக்கலாம், பள்ளத்துக்குப் போய்ச் சேரும். ஷ்-ல முடியுற பேர எங்க இழுப்பீங்க? காக்காவ வெரட்டுற மாதிரிதான் கேக்கும். அப்பத்தா ரெண்டு நாள் முயற்சி பண்ணிட்டு மூணாம் நாள் "ஏ சின்னவனே"ன்னு மாறிரும். அத்தனை ஆராய்ச்சியும் அம்புட்டுதான்.

தாத்தா பேரு தண்டபாணி. மூத்த பேரனுக்கு அவரு பேரு வரணும்னு மொறை. அவரு வாயத் திறக்கவே இல்ல. அந்த வீட்ல புத்தியோட இருந்த ஒரே ஆளு அவருதான்.

இந்த ரகளையில யாரும் கண்டுக்காத சங்கதி ஒண்ணு இருக்கு. பிறப்பப் பதியத்தான் 21 நாள். பேரு இல்லாமலே பதிஞ்சுக்கலாம். பதிஞ்ச தேதியில இருந்து 12 மாசத்துக்குள்ள பேரச் சேத்தா கட்டணம் கெடையாது, அதுக்கப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 வருசம் வரைக்கும் சேக்கலாம். சேக்க வேண்டிய எடம் நீங்க குடியிருக்குற ஊரு இல்ல, புள்ள பொறந்த ஊரு. பிரசவம் வத்தலக்குண்டுன்னா வத்தலக்குண்டு, திண்டுக்கல்னா திண்டுக்கல். கொடைக்கானல்ல போய் வரிசையில நின்னு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. பேரு ஏறிருச்சுன்னா ஏறுனதுதான். எழுத்துப் பிழைன்னா 1969 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்துல திருத்த வழி இருக்கு. பெரியப்பாவுக்கு மனசு மாறுனது எழுத்துப் பிழையில வராது. அப்புறம் அரசிதழ்ல பேரு மாத்தி, ஒவ்வொரு காகிதமா மாத்தணும். 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பொறந்த புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து வாக்காளர் பட்டியல் வரைக்கும் இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதுல போய் ஏ-யக் கூட்டிக் கொறச்சு வெளையாடுறாங்க!

ஒரு ஸ்பெல்லிங்க முடிவு பண்ணி எல்லாத்துலயும் அதையே எழுதுங்க. இனிஷியல் முன்னாடியா பின்னாடியான்னு அன்னைக்கே முடிவு பண்ணுங்க. நாளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியல விரிச்சு அப்பா பேர முழுசா எழுத வேண்டி வரும். ஒத்தைப் பேரோட பாஸ்போர்ட் வச்சிருந்தவங்கள விசிட் விசாவுல உள்ள விட முடியாதுன்னு 2022 நவம்பர்ல அமீரகம் சொன்னப்ப மாட்டிக்கிட்டு முழிச்சதுல நம்மாளுங்களும் உண்டு. அப்ப ராகுவும் வரல, புதனும் வரல.

கடைசியில என்ன ஆச்சுங்கறீங்களா? படிவம் இன்னும் பீரோ மேலதான் இருக்கு. புள்ள இப்போதைக்குத் தம்பி.

அந்தப் படிவம் கெளம்பினாலும் கீழ போய்ச் சேருமான்னு சந்தேகம்தான். 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கெல்லாம் இ-பாஸ்னாங்க, கூட்டம் கொறஞ்ச மாதிரியா இருக்கு? ஞாயித்துக்கெழமை வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவுல போய்ப் பாருங்க. நடு ரோட்ல கார நிறுத்திட்டு, நாலு கதவையும் தெறந்து வச்சுட்டு, குடும்பத்தோட செல்பி. பின்னால பஸ்ஸு, அதுக்குப் பின்னால கேரட் ஏத்துன லாரி, அதுக்குப் பின்னால ஆம்புலன்ஸ். ஹாரன் அடிச்சா கையக் காட்டி "போங்க போங்க"ங்கறான். எங்கிட்டுப் போறது? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம்!