டிராப் ரூல் உச்சியில் இருந்தால் பாதுகாப்பா? சுற்றும் செய்தி தவறு

"மைக்ரோடிக் ராவுட்டரில் எல்லாவற்றையும் டிராப் செய்யும் ஒரே ஒரு ரூலை இன்புட் செயினின் உச்சியில் போடுங்கள். மொத்த நெட்வொர்க்கும் பத்திரம், மற்ற ரூல்களின் வரிசை முக்கியமில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. மைக்ரோடிக் ஒரு ராவுட்டர் பிராண்ட். டிராப் என்றால் பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டை, தூக்கி எறிவது. செயின் என்பது ரூல்களின் பட்டியல்.

எந்தப் பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் ஃபில்டர் ரூல்களை ராவுட்டர் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். முதலில் பொருந்துகிற அக்செப்டோ (அனுமதி) டிராப்போ அந்தப் பாக்கெட்டின் கதையை முடித்துவிடும். உச்சியில் டிராப் இருந்தால் கீழே உள்ள இன்புட் ரூல்களுக்கு வேலையே இல்லை. ஐபி முகவரி வழியாக நீங்களும் ராவுட்டருக்குள் போக முடியாது. வின்பாக்ஸில் (மைக்ரோடிக்கை நிர்வகிக்கும் மென்பொருள்) மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) மூலம் நுழையலாம்தான், அதே உள்ளூர் நெட்வொர்க்கில் இருந்தால். ஆனால் ராவுட்டர் வேறு ஊரில் இருந்தால்? ராவுட்டரையே டிஎன்எஸ்ஸாக (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) வைத்திருக்கும் வீடுகளில் இணையதளங்களும் திறக்காது. அப்புறம், இன்புட் என்பது ராவுட்டருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கு மட்டும். அதைக் கடந்து உங்கள் கணினிக்குப் போவதெல்லாம் ஃபார்வர்ட் செயினில்தான் வரும்.

இன்புட்டில் வழக்கமான வரிசை இது: எஸ்டாப்ளிஷ்டு (ஏற்கெனவே உள்ள இணைப்பு), ரிலேட்டட் (அதோடு தொடர்புடையது) அக்செப்ட், இன்வேலிட் (எந்த இணைப்பிலும் சேராதது) டிராப், ஐசிஎம்பி (பிங் போன்ற சோதனைச் செய்திகள்) அக்செப்ட், கடைசியில்தான், லேனிலிருந்து (உள் நெட்வொர்க்) வராத எல்லாவற்றுக்கும் டிராப். மைக்ரோடிக்கின் அதிகாரபூர்வ ஆவணங்களில் சரிபார்க்கலாம். உங்கள் ராவுட்டரிலேயே ஒவ்வொரு ரூலுக்கும் எதிரே பாக்கெட் எண்ணிக்கை ஓடும், அதையும் பாருங்கள். எதை மாற்றினாலும் முதலில் வின்பாக்ஸில் உள்ள சேஃப் மோட் பொத்தானை அழுத்துங்கள். இணைப்பு அறுந்தால் மாற்றங்கள் தானாக ரத்தாகிவிடும்.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.