கடன் பற்றிய படத்தைக் கூட்டமாக உட்கார்ந்து பாருங்கள்

"எல்லார் கையிலும் போன் இருக்கு. யூடியூபிலேயே கிடைக்கிற படத்துக்கு எதுக்கு இடம், திரை, மைக் செட் எல்லாம்?" திரையிடல் நடத்துகிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நியாயமான கேள்விதான். ஆனாலும் கடன், வேலையிழப்பு, விவசாயம் நொடித்துப்போவது பற்றிய படங்களைத் தனியாகப் பார்ப்பது போதாது என்று உறுதியாக நம்புகிறேன்.

பொருளாதார நெருக்கடி செய்தித்தாளில் இருக்கும்வரை அது நாட்டுப் பிரச்சினை. வாசற்படி ஏறி உள்ளே வந்ததும் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. டியூ கட்ட முடியாத பெண் அதைக் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்ல மாட்டாள். தன்னுடைய திறமைக் குறைவு, தன் வீட்டுக்காரரின் குடி, தன் தலையெழுத்து என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். போனில் ஒரு படம் பார்த்தால் அழுகை வரும். அழுதுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டுக்காரியும் அதே படத்தைப் பார்த்து அழுதது அவளுக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் பகுதியில் சங்க அலுவலக மொட்டைமாடியில்தான் படம் போடுவோம். பழைய ஃபிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கம்தான் திரை. சமையல் வேலை முடிந்து பெண்கள் வரவேண்டும் என்பதால் எட்டு மணிக்கு முன்னால் ஆரம்பிப்பதில்லை. ஒருமுறை தீபா பாட்டியா இயக்கிய 'நீரோவின் விருந்தினர்கள்' ஆவணப்படத்தைப் போட்டோம். 2009இல் வந்தது. மகாராஷ்டிராவில் பருத்தி விளைகிற விதர்பா பகுதியின் விவசாயிகள் தற்கொலையைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் வழியே சொல்லும் படம். கணவனை இழந்த பெண்களின் வீடுகள் திரையில் வந்தபோது முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா, யாரிடமும் சொல்லாமல் யாருக்கும் கேட்கிற மாதிரி, "பருத்தி இல்ல, நமக்குக் குழுக்கடன்" என்றார்.

அவ்வளவுதான். படம் முடிந்ததும் பேச்சு விதர்பாவில் நிற்கவில்லை. வாரக் கடன் வசூலிக்க வருகிறவர் ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்ற எல்லாரையும் அவள் வீட்டு வாசலில் உட்காரவைப்பது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது, ஆதார் அட்டையைக் கொடுத்துத் தன் பெயரில் அடுத்தவளுக்குக் கடன் எடுத்துத் தந்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. பலர் ஒரே நிறுவனத்திடம் வாங்கியிருந்தார்கள். அதையே அன்றைக்குத்தான் ஒருவருக்கொருவர் தெரிந்துகொண்டார்கள்.

கட்டாயக் கடன் வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 2010இல் ஆந்திராவில் நுண்கடன், அதாவது இதேபோன்ற சிறு குழுக்கடன், வசூல் நெருக்கடி முற்றி, அரசு அவசரச் சட்டம் போடும் நிலை வந்தது. இதையெல்லாம் துண்டறிக்கையாகக் கொடுத்தால் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். அந்த இரவில் சொன்னபோது திரும்பத் திரும்பக் கேட்டார்கள். படம் வாயைத் திறந்துவிட்ட பிறகு சொன்னதால்தான் அது காதில் ஏறியது.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் இல்லை. 1968இல் அர்ஜென்டினாவில் இயக்குநர்கள் சொலானாஸும் கெட்டினோவும் நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் 'உலைகளின் நேரம்' படத்தை எடுத்தார்கள். ராணுவ ஆட்சிக்காலம் என்பதால் வீடுகளிலும் தொழிற்சங்க இடங்களிலும் ரகசியமாகப் போட்டார்கள். நடுநடுவே புரொஜெக்டரை நிறுத்திவிட்டுப் பேசுவதற்காகவே அந்தப் படம் அமைக்கப்பட்டது. 2001 டிசம்பரில் அதே நாட்டில் வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்க முடியாது என்று அரசு கட்டுப்படுத்தியது. மக்கள் சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள், அதிபர் ஹெலிகாப்டரில் வெளியேறினார். அந்த நெருக்கடியைப் பற்றி அதே சொலானாஸ் 2004இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

நமக்குப் பக்கத்திலேயே மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் இருந்தார். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அதே ஜான்தான். கோழிக்கோட்டில் 1984இல் ஒடேசா என்ற மக்கள் திரைப்படக் கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகச் சாப்ளின் படம் காட்டி, மக்களிடம் பணம் திரட்டி, 1986இல் 'அம்மா அறியான்' எடுத்தார்கள். அந்தப் படத்தையும் மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். ஜான் அடுத்த ஆண்டே இறந்துபோனார். இருந்திருந்தால் தமிழகத்திலும் இப்படி ஒன்று வேர்பிடித்திருக்குமோ என்று நினைக்காத நாளில்லை.

இங்கே தடைகள் வேறு மாதிரி. மலக்குழி மரணங்களையும் கையால் மலம் அள்ளும் கொடுமையையும் பேசிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017இல் பல ஊர்களில் திரையிட விடவில்லை. அனுமதி, தணிக்கைச் சான்றிதழ், சட்டம் ஒழுங்கு என்று நாலு பேர் கூடிப் படம் பார்ப்பதற்கு ஏதாவது ஒரு காரணம் குறுக்கே வரும். போனில் பார்த்தால் யாருக்கும் கவலையில்லை, சேர்ந்து பார்த்தால்தான் கவலை. சேர்ந்து பார்ப்பதற்கு என்ன வலு உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

திரையிடல் நடத்தும் நண்பர்களிடம் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. படம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் ஒருவரை ஏற்றி முக்கால் மணி நேரம் பேசவிடுகிறீர்கள். உலக வங்கியில் தொடங்கிப் புதிய தாராளமயத்துக்கு அவர் வருவதற்குள் குழந்தை தூங்கிவிடும், அம்மாக்கள் எழுந்துவிடுவார்கள். தயவுசெய்து முதல் பேச்சைக் கடன் வாங்கியவரிடம் கொடுங்கள். நிபுணர் தரையில் உட்கார்ந்து கேட்கட்டும், யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லட்டும்.

அப்புறம், சப்டைட்டில். நல்ல படங்களில் பாதி ஆங்கில எழுத்தோடுதான் கிடைக்கின்றன. ஐம்பது வயது அம்மாவுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டாலும் அந்த வேகத்துக்குப் படிக்க முடியாது. நாங்கள் ஒருவரை மைக்கோடு ஓரமாக உட்காரவைத்து வசனத்தை எங்கள் ஊர்த் தமிழில் சொல்லச் சொல்கிறோம். மூலக் குரலைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், முழுக்க அணைத்துவிடக் கூடாது. அழுகையும் அமைதியும் அவர்கள் குரலிலேயே வரட்டும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் கரகரத்தால் எழுந்து போய்விடுவார்கள். காசு இருந்தால் முதலில் நல்ல ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள்.

அடுத்து கிரேக்கக் கடன் நெருக்கடி பற்றி 2011இல் வந்த 'டெட்டோக்ரசி' படத்தைப் போடப்போகிறோம். பொதுமக்கள் தந்த பணத்தில் எடுத்து, இணையத்தில் இலவசமாக விட்ட படம். ஒரு நாடே கடனில் மாட்டிய கதையை வாரக் கடன் கட்டுகிறவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன். அதன் வசனங்களைப் பேச்சுத் தமிழில் எழுதித்தர முடிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை, வட்டிக் கணக்கு தெரிந்தால் போதும்.