ரேஞ்ச் இரட்டிப்பாகாது
"மின்காரின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்தால் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) இரட்டிப்பாகும், கம்பெனிகள்தான் மறைக்கின்றன" என்பது தவறு. இப்படி வைத்தால் மிச்சமாவது கியரும் ஆக்சிலும் விழுங்கும் சக்தி. இப்போதைய மின்கார்களில் அது சில சதவீதம்தான். அதை முழுக்க மிச்சப்படுத்தினாலும் ரேஞ்ச் எப்படி இரட்டிப்பாகும்?

கியர் இல்லாவிட்டால் குறைந்த வேகத்திலேயே மோட்டார் பெரிய டார்க் (சுழற்றும் விசை) தரவேண்டும். அதற்குக் கூடுதல் செம்பு, காந்தம், எடை. அந்த எடை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடேயே உட்காரும். சவாரி கெடும் என்ற பயம் கொஞ்சம் மிகை, சஸ்பென்ஷனை மாற்றியமைத்துப் பெருமளவு சமாளிக்கலாம். குழியின் அடி, தண்ணீர், பிரேக் சூடு எல்லாம் நேராக மோட்டாருக்கே போவதுதான் பெரிய தலைவலி.

மறைக்க இதில் ரகசியமும் இல்லை. 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே லோனர்-போர்ஷே என்ற மின்கார் இப்படிக் காட்சிக்கு வந்தது. 2022-இல் அமெரிக்காவின் லார்ட்ஸ்டவுன் கம்பெனியின் மின் பிக்கப், நான்கு சக்கரங்களுக்குள்ளும் மோட்டாரோடு உற்பத்திக்கே வந்தது. மறு வருடம் கம்பெனி திவால். (அதற்கு மோட்டார் மட்டும் காரணமல்ல.) ஸ்கூட்டரில் நன்றாக ஓடுகிறதே என்றால், அங்கே எடையும் வேகமும் வேறு.