கடைசிப் பக்கத்தைப் படம் பிடியுங்கள்

பெண்ணியப் பத்திரிகைகளைப் பற்றிய ஆவணப்படம் என்றாலே ஒரு முன்னோடியின் பழைய படம், பின்னணியில் வீணை, மேலே ஒரு முழக்கம். பத்திரிகை எப்படி நடந்தது, காசு எங்கிருந்து வந்தது என்று மூச்சுகூட விடமாட்டார்கள்.

சென்னையில் எடுக்க விஷயமா இல்லை? 1917-இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் அடுத்த ஆண்டே 'ஸ்திரீ தர்மா' இதழைக் கொண்டுவந்தது. 1925-இல் 'ஜகன்மோகினி' இதழ் நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி கைக்கு வந்தது. அது பெண்ணியமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு பெண் பத்திரிகை முதலாளியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது எனக்குப் போதும்.

படம் எடுப்பவர்கள் தலையங்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அச்சகம், வெளியிட்டவர் விவரம் (1867 அச்சகச் சட்டப்படி அப்போது கட்டாயம்), சந்தா பாக்கி அறிவிப்பு, வி.பி.பி. (பணம் கட்டிப் பெறும் தபால்) திரும்பி வந்த புலம்பல், தைல விளம்பரம் எல்லாம் அங்கேதான். ஒரு சிக்கல்: பைண்டிங் போடும்போது அட்டையையும் விளம்பரத் தாளையும் கிழித்துவிடுவது நூலகங்களின் பழைய பழக்கம். தரமணி ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் பைண்ட் செய்யாத உதிரி இதழ் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

மரக்கூழ்த் தாள் அமிலத்தால் பழுத்து நொறுங்கும். ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். சுமார் 100 டிகிரி மட்டும் திறக்கும் V வடிவத் தொட்டிலில் வைத்து, இருபுறமும் சாய்வாக விளக்கு வைத்து கேமராவால் எடுங்கள். 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி), கலரில். வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பழுப்புக்கறை கறுப்பாகும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். அப்புறம் 'கண்' எது, 'கண' எது? இதழில் அச்சான புகைப்படங்களுக்கு 600 வேண்டும். குறைந்தால் அச்சுப்புள்ளிகள் திரையில் அலையலையாக நெளியும்.

பேட்டியில் டியூப்லைட் கோடு ஓடினால் காரணம் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தாலும் சரி. "பெண்ணியம் என்றால் என்ன?" என்று தொடங்காதீர்கள், மேடைப் பேச்சுதான் வரும். காகிதக் கடன் யார் கொடுத்தார், ரேப்பர் யார் ஒட்டினார், எத்தனை பிரதி விற்காமல் கிடந்தது என்று கேளுங்கள்.

பதிப்புரிமைக்குப் பயந்து பலர் எழுத்தையே காட்டுவதில்லை. கோதைநாயகி 1960-இல் இறந்தார். எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு என்ற பதிப்புரிமைக் கணக்கு 2020 முடிவோடு தீர்ந்தது, அவர் எழுதியதைத் தாராளமாகக் காட்டலாம். அதே இதழில் மற்றவர்கள் எழுதியதற்கு மட்டும் ஒவ்வொருவர் இறந்த ஆண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.